எழுபத்து நான்கு கிலோமீட்டரும் எட்டு கிலோவும்

அந்தத் தீவின் விமான நிலையத்தில் ஒரே ஒரு கவுண்டர்தான். அதற்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக ஒரே ஒரு ஆள்தான். டிக்கெட்டைப் பார்ப்பது, பெட்டியை நிறுப்பது, ஆளை நிறுப்பது, எல்லாவற்றையும் கூட்டி எடைத்தாளில் எழுதி விமானியிடம் கொடுப்பது, இவ்வளவும் அவர் வேலை. ஆளையுமா நிறுப்பார்கள் என்று கேட்கக் கூடாது. பத்து இருக்கை விமானத்தில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். பெரிய விமானத்தில் ஒருவர் குண்டாக இருந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்குத்தான் கஷ்டம். இதில் எல்லாருக்கும் கஷ்டம்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் அரைக்கிலோ. முகத்துக்கு நேரே அண்ணே என்பார்கள், முதுகு திரும்பியதும் அரைக்கிலோ. விமானி குறித்துக் கொடுத்த அளவுக்கு மேல் அரைக்கிலோ கூடினாலும் மனிதர் விட மாட்டார். தலைகீழாக நின்று பார்த்தவர்கள் உண்டு. உள்ளாட்சித் தலைவரையே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏறச் சொன்னவர் அவர்.

பேக்கரி அக்காவின் கதை இன்னும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாவு பிசைந்து பிசைந்து தோள் உரமேறிய மனுஷி அவர். பத்து வருடத்துக்கு முன்னால், எதிர்த் தீவில் யாருக்கோ பிறந்தநாள் என்று மூன்றடுக்கு கேக்கோடு வந்து நின்றார். ஒன்றரைக் கிலோ கூடுதல். கெஞ்சினார், சண்டை போட்டார், கடைசியில் கோபத்தோடு கத்தியை வாங்கி அடியடுக்கில் ஒரு பக்கத்தை வெட்டி வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் நீட்டினார்.

"நிறுத்துங்க," என்றார் அரைக்கிலோ. "இவங்க எல்லாரும் இதே ஃபிளைட்லதான் போறாங்க. பெட்டியில இருந்தா என்ன, வயித்துல இருந்தா என்ன? கனம் ஒண்ணுதான். பறக்காதவங்களுக்கு மட்டும் குடுங்க."

அன்றைக்குக் கேக் சாப்பிட்டது வாசலில் நின்ற வண்டிக்காரர்களும், நிலையத்தின் தீயணைப்பு வண்டி ஓட்டுநரும்தான். அக்கா அதற்குப் பிறகு மூன்று வருடம் அவரோடு பேசவில்லை. அவர் ரொட்டி வாங்கப் போனால் ரொட்டியைக் கொடுப்பார், மீதிச் சில்லறையைக் கொடுப்பார், வாயை மட்டும் திறக்க மாட்டார்.

இங்கிருந்து எதிர்த் தீவின் ஓடுபாதைக்கு எழுபத்து நான்கு கிலோமீட்டர். பதினேழு நிமிடம். காற்று பின்னாலிருந்து தள்ளினால் பதினாறு, எதிரே வந்தால் பதினெட்டு. படகில் போனால் பவளப்பாறையைச் சுற்றிக்கொண்டு, நடுவில் இரண்டு குட்டித் தீவுகளில் நின்று, ஐந்தரை மணி நேரம். அதுவும் வாரத்துக்கு மூன்று நாள்தான். விமானம் தினமும் உண்டு, ஆனால் ஒரே தடவை, காலை பத்தரைக்கு. முதல் தடவை ஏறுகிறவர்கள் பயந்துபோய், "எவ்வளவு நேரங்க ஆகும்?" என்று கேட்பார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்:

"பதினேழு நிமிஷம். ஒரு டீ ஆறுறதுக்குள்ள அங்க இருப்பீங்க."

விமானம் தரையை விட்டதும் அவர் பின்னறைக்குப் போய் டீ போட்டுக்கொள்வார். ஆற விடுவதெல்லாம் கிடையாது. சுடச்சுடக் குடித்துவிட்டு அடுத்த நாள் தாளை எடுத்துவிடுவார்.

இப்படி ஊரையே நிறுத்த மனிதரின் தராசில் இருபத்தாறு வருடமாக ஒரே ஒரு ஆள் மட்டும் ஏறியதில்லை. அது அவர் மனைவி. அந்த அம்மாளின் அக்கா எதிர்த் தீவில்தான் இருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை அக்காவைப் பார்க்கப் போவார், போகும்போதும் வரும்போதும் படகுதான். ஐந்தரை மணி நேரமும் வாந்தி எடுத்துக்கொண்டே போவாரே தவிர விமானம் வேண்டவே வேண்டாம் என்பார்.

"ஏம்மா, பதினேழு நிமிஷத்துல போறதை விட்டுட்டு எதுக்கு இந்தப் பாடு?" என்று இவர் கேட்பார்.

"ஊர் முன்னாடி என்னை ஏத்தி நிறுத்தி, நீங்க இத்தனை கிலோன்னு சத்தமா படிப்பீங்க. நான் வந்து நிக்கணுமாக்கும். எனக்குப் படகே போதும்."

சத்தமாகப் படிப்பதும் விதிதான். கவுண்டரில் சொன்னதும் தாளில் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பயணியே கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா? மனைவிக்காகத் தாழ்ந்த குரலில் படிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. விதி என்று வந்துவிட்டால் அவர் அப்படி ஒரு மரமண்டை.

விஷயம் நடந்தது ஒரு வெயில் காலத்தில், காற்றே இல்லாத ஒரு காலை. மனைவிக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். "வெறும் காய்ச்சல்தான், நீங்க கிளம்புங்க," என்று அனுப்பிவிட்டார். ஒன்பது மணிக்கு ஊர் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கண்ணெல்லாம் மஞ்சள். பித்தப்பைக் கல் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர்.

"இங்க என்கிட்ட ஆபரேஷன் வசதி இல்ல அண்ணே. இன்னிக்கே அந்தப் பக்கம் கொண்டு போயிடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னா நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன்."

அவர் கை பழக்கத்தில் வேலை செய்தது. மூன்று இருக்கைகளைக் கழற்றச் சொன்னார், ஸ்ட்ரெச்சருக்கு இடம் பண்ணினார், கவுண்டரைத் தீயணைப்பு ஓட்டுநர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு ஆனது. தானும் கூடப் போகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, விமானி வந்து ஓடுபாதையையும் வானத்தையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டும் வரையில்.

"காத்து சுத்தமா இல்ல. சூடு வேற. இந்த ஓடுபாதைக்கு இன்னிக்கு நானூத்தி இருபதுக்கு மேல ஒரு கிலோ தூக்க மாட்டேன். எரிபொருளையும் குறைக்க முடியாது."

அரைக்கிலோ தாளை எடுத்தார். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன், நர்ஸின் பை எல்லாம் சேர்ந்து நாற்பது. நர்ஸ் ஐம்பத்தெட்டு. படுத்த நோயாளியைத் தராசில் நிற்க வைக்க முடியாது, வீட்டு ஆள் சொல்லும் எடையைப் போட்டுக்கொள்வது வழக்கம். வீட்டு ஆள் அவரேதான். அறுபத்து நான்கு என்று யோசிக்காமல் எழுதினார். எப்போதோ ஒரு மருத்துவச் சீட்டில் பார்த்த கணக்கு, அவர் மனதில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மற்ற பயணிகள் நான்கு பேர். கண் அறுவைக்குப் போகிற ஒரு வயதான தம்பதி, இரண்டு பேருமாக நூற்று முப்பத்து நான்கு. தையல்காரம்மா ஐம்பத்தேழு, அவர் கொண்டுவந்த பள்ளிச் சீருடை மூட்டை பதினான்கு. நான்காவது ஆள் பேக்கரி அக்கா. எதிர்த் தீவில் ஒரு கடைத் திறப்புக்குக் கேக் எடுத்துக்கொண்டு வந்திருந்தார், ஆளும் கேக்குமாக எண்பத்தைந்து. கூட்டிப் பார்த்தால் நானூற்று ஐம்பத்திரண்டு. அவரைச் சேர்க்காமலேயே முப்பத்திரண்டு கிலோ கூடுதல்.

அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறார், ஒரு தடவையும் வாய் கூசியதில்லை. இன்றைக்கு வாய் திறக்கவில்லை. சொந்தக் காரியத்துக்காக ஒருவரை இறங்கச் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

பேக்கரி அக்கா எட்டித் தாளைப் பார்த்தார். கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்து நின்றார்.

"என் பேரை அடிச்சிடுங்க அண்ணே."

"அக்கா, கடைத் திறப்பு..."

"கேக் இல்லைன்னா கடை திறக்காதா? நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பாங்க, நிக்கட்டும். அடிங்கன்னா அடிங்க."

அடித்தார். முந்நூற்று அறுபத்தேழு. மிச்சம் ஐம்பத்து மூன்று கிலோ. அரைக்கிலோவின் எடை எழுபத்தைந்து. தையல்காரம்மா தன் மூட்டையைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். "இதையும் எடுத்துடுங்க. துணி நாளைக்குப் போனா ஒண்ணும் ஆகாது."

"நாளைக்கு நான் போறப்ப எடுத்துட்டு வர்றேன்," என்றார் பேக்கரி அக்கா.

மிச்சம் அறுபத்தேழு. இன்னும் எட்டு கிலோ இடிக்கிறது. "நானும் இறங்கிடறேன்" என்று தையல்காரம்மா சொல்ல வாயெடுத்தார், அரைக்கிலோ கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அந்த அம்மாளின் மகளுக்கு எதிர்த் தீவில் தலைப்பிரசவம், விடியற்காலையிலிருந்து வலி. கண் அறுவைக்குப் போகும் பெரியவரோ குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

"இது ரெண்டும் சேந்து முக்கால் கிலோ இருக்கும் தம்பி. வெறுங்காலோட போனா கண்ணு ஆபரேஷன் பண்ண மாட்டேன்னா சொல்லுவாங்க?"

அரைக்கிலோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் ஒரு கெட்ட எண்ணமும் வந்தது, அதை மறைப்பானேன்? தன் எடையை அறுபத்தேழு என்று எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? விமானி அவர் எழுதிய தாளை இருபத்தாறு வருடமாக ஒரு தடவை கூடத் திருப்பிக் கேட்டதில்லை. பேனா தாளைத் தொட்டது. ஆனால் அந்த விமானத்தில் படுத்துக்கொண்டு போவது யார்? பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலில் நின்ற மருத்துவமனை வண்டிக்குப் போனார்.

"ஏம்மா, இன்னிக்கு எனக்கு இடம் இல்ல. நர்ஸ் கூட வர்றாங்க. உங்க அக்கா அங்க வந்து நிப்பாங்க. நான் நாளைக்கு ஃபிளைட்ல ஏறி வந்துடுறேன். பதினேழு நிமிஷம்தான், ஒரு டீ ஆறுறதுக்குள்ள..."

மனைவி கண்ணைத் திறக்காமலே அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பதினேழு நிமிஷத்தை ஊருக்குச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க கூட வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் இவரிடம் எதையுமே இப்படிக் கேட்டதில்லை. விரலை விடுவித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

உள்ளேயிருந்து தையல்காரம்மா எடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"அண்ணே, இதுல அறுபத்தி நாலுன்னு போட்டிருக்கே, அது யாரு?"

"இவதான்."

"இவங்களா? என்னண்ணே சொல்றீங்க? எட்டு மாசத்துல ரெண்டு தடவை இவங்க துணியெல்லாம் பிடிச்சுத் தைச்சுக் குடுத்திருக்கேன். இடுப்புல மட்டும் நாலு விரல் உள்ள போயிடுச்சு. அறுபத்தி நாலெல்லாம் எந்தக் காலத்துல?"

அவர் மனைவியைப் பார்த்தார். தினம் பார்க்கிற முகம்தான். கன்னம் ஒட்டியிருந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடந்தது. "நீங்க சாப்பிடுங்க, எனக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கல, அப்புறம் சாப்பிடுறேன்" என்று எத்தனை இரவு சொல்லியிருப்பார்? இவரும் சரி என்று தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்திருக்கிறார். தெருவில் எதிரே வருகிறவர் ஒரு கிலோ ஏறியிருந்தால் பார்வையிலேயே சொல்லிவிடுகிற மனிதர்.

"வாயால சொன்னா எழுத மாட்டேன்," என்றார் அரைக்கிலோ. "நிறுத்துத்தான் எழுதணும்."

"அப்போ நிறுத்துடலாம்," என்றார் பேக்கரி அக்கா. கேக் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்தார். கால்மாட்டை விமானி பிடித்தார். நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டரைத் தனியாக இறக்கித் தரையில் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து அந்த அம்மாளைக் கொண்டுபோய்ப் பெட்டி நிறுக்கும் தட்டில் வைத்தார்கள். இருபத்தாறு வருடமாக எந்தத் தராசுக்குப் பயந்து கடலில் வாந்தி எடுத்துக்கொண்டு போனாரோ, அந்தத் தராசில், ஊர் முன்னால்.

"சத்தமா படிக்காதீங்க," என்றார் அந்த அம்மாள், கண்ணை மூடியபடியே.

அவர் படிக்கவே இல்லை. எழுபது என்று காட்டியது. ஸ்ட்ரெச்சர் பதினெட்டு. ஐம்பத்திரண்டு என்று எழுதினார். கணக்கைக் கூட்டும் முன்பே எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தையல்காரம்மா முகத்தை மூடிக்கொண்டார். பன்னிரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. தேவைப்பட்டது எட்டுதான்.

இவர் பார்க்காமலே அந்த அம்மாளின் உடம்பிலிருந்து கரைந்துபோன கனம்தான் இவருக்கு இடமாக வந்தது. அதை நினைத்து அவர் பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டார். ஆனால் அன்றைக்கு வெட்கப்பட நேரமில்லை. தன் எடையை எழுபத்தைந்து என்று எழுதி, தராசில் ஏறி நின்று சரிபார்த்து, தாளை விமானியிடம் கொடுத்துவிட்டு ஏறினார்.

கதவை மூடும்போது பேக்கரி அக்காவின் குரல் கேட்டது. கேக் பெட்டியைத் திறந்து வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, பறக்காதவங்க எல்லாரும் வந்து சாப்பிடுங்க!"

பதினேழு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் கரை மறைந்தது. ஏழாவது நிமிடத்தில் பவளப்பாறையின் வெள்ளைக் கோடு வந்தது, படகு சுற்றிக்கொண்டு போகிற இடம். ஒன்பதில் மனைவியின் உதடு வெளிறியது, நர்ஸ் ஆக்சிஜனைத் திருகிக் கூட்டினார். பத்து, பதினொன்று என்று அவர் கடிகாரத்தைப் பார்க்க, முள் அசையவே இல்லை. தையல்காரம்மா முன் இருக்கையிலிருந்து கையை நீட்டி மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். பெரியவரின் மனைவி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகத் தான் வாயால் தட்டிவிட்ட இந்த நேரத்தில் எத்தனை பேர் இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. மனைவியின் கை சூடாக இருந்தது. அதை விடவில்லை.

பதினெட்டாவது நிமிடம் சக்கரம் தரையைத் தொட்டது. காற்றே இல்லாத நாளில் ஒரு நிமிடம் எப்படிக் கூடியது என்று விமானியிடம் கேட்டார். "ஸ்ட்ரெச்சர் குலுங்கக் கூடாதுன்னு மெதுவா இறக்கினேன் அண்ணே," என்றார் விமானி. அந்த ஒரு நிமிடத்துக்காக இவர் இன்றைக்கும் அந்த ஆளைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்.

சாயங்காலமே ஆபரேஷன் முடிந்தது. இன்னும் அரை நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் தையல்காரம்மாவுக்குப் பேத்தி பிறந்தாள். மறுநாள் பேக்கரி அக்கா சீருடை மூட்டையோடு வந்து இறங்கி, அதைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நன்றி சொல்ல அரைக்கிலோ முயன்றார். பழக்கமில்லாத வேலை. "அந்த ஒன்றரைக் கிலோவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அதை இன்னுமா நெனச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றார் அக்கா. "நீங்க கறாரா இருந்ததாலதான் இத்தனை வருஷமா பயமில்லாம ஏறி உக்காந்தோம். வாயை மூடிக்கிட்டு அவங்களுக்குக் கஞ்சி ஊட்டுங்க."

அவர் ஊட்டினார். பதினொரு நாள், மூன்று வேளையும், தட்டில் எவ்வளவு மீதி என்று பார்த்துப் பார்த்து ஊட்டினார். வீட்டுக்கு வந்த பிறகும் மனைவி சாப்பிட உட்காராமல் தான் உட்காருவதில்லை. "என்னங்க இது, பக்கத்துலயே போலீஸ் மாதிரி?" என்று அந்த அம்மாள் சலித்துக்கொள்வார், சலித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்.

கவுண்டரில் இப்போதும் அவர் அரைக்கிலோதான். கூடினால் விடுவதில்லை. ஆனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார். "பதினேழு நிமிஷம். கொஞ்சம் நீளமாத்தான் தெரியும், பயப்படாதீங்க, நான் இங்கதான் இருப்பேன்," என்கிறார். விமானம் கிளம்பியதும் டீ போடப் போவதில்லை. எதிர்த் தீவில் இறங்கிவிட்டது என்று ரேடியோவில் குரல் வரும் வரை அங்கேயே நிற்கிறார். அதற்குப் பிறகுதான் டீ.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை, பத்து மணிக்கு வரிசையின் கடைசியில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை. அக்காவைப் பார்க்கப் போகிறாராம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னால் தையல்காரம்மா, பேத்திக்குத் தைத்த சின்னச் சட்டைகளோடு. அவருக்கும் முன்னால் பேக்கரி அக்கா, அளவுக்குச் சரியான கேக்கோடு.

முறை வந்ததும் அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தராசில் ஏறி நேராக நின்றார். அவர் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன, படிக்காம நிக்கிறீங்க?" என்றார் மனைவி. "விதின்னு ஒண்ணு இருக்குல்ல? சத்தமா படிங்க."

"ஐம்பத்தொன்பது!" என்று படித்தார். வாசலில் நின்ற வண்டிக்காரர்களுக்கும் கேட்டது.